பழனிசாமிக்குப் பக்கத்து நாற்காலி

தமிழ்நாட்டின் பதினாறாவது சட்டப்பேரவையில் எத்தனையோ நடந்தது. நீட் விலக்கு மசோதா போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. ஆளுநர் உரையின் நடுவில் வரிகள் காணாமல் போயின, ஆளுநரே எழுந்து வெளியே போனார். இவ்வளவுக்கும் நடுவில், ஒன்றரை ஆண்டுக்கு மேல் கூட்டத்தொடர் தவறாமல் கிளம்பிய ஒரு பிரச்சினை உண்டு. எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமிக்குப் பக்கத்தில் யார் உட்காருவது?

கேட்பதற்கு அற்பமாகத்தான் இருக்கும். மின்கட்டணம் ஏறிக் கிடக்கிறது, இவர்களுக்கு நாற்காலிச் சண்டை என்று டீக்கடையில் பேசியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் பேரவை நடவடிக்கைகளைத் தொடர்ந்து படிக்கிற கெட்ட பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பதினாறாவது பேரவையில் கட்சி, சட்டமன்றக் கட்சி (அதாவது அவைக்குள் இருக்கும் அதன் எம்.எல்.ஏ.க்கள்), சபாநாயகர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதை இந்த நாற்காலி காட்டிய அளவுக்கு வேறு எதுவும் காட்டவில்லை.

முதலில் அந்தப் பதவி. எதிர்க்கட்சித் துணைத் தலைவர். பத்திரிகைகள் எழுதும், தொலைக்காட்சியில் பெயருக்குக் கீழே போடுவார்கள், கட்சிக்காரர்கள் பேனரில் பெரிய எழுத்தில் அச்சடிப்பார்கள். அரசியல் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. மாநிலப் பேரவைக்கு ஒரு சபாநாயகரும் ஒரு துணை சபாநாயகரும் வேண்டும் என்கிறது பிரிவு 178. எதிர்க்கட்சித் தலைவர் என்கிற பதவியே அந்த அத்தியாயத்தில் கிடையாது. மாநிலச் சட்டங்களும் மரபும் சேர்ந்துதான் அவருக்கு அமைச்சருக்கு இணையான தகுதியையும் சம்பளத்தையும் காரையும் கொடுக்கின்றன. அவருடைய துணைக்கு அதுவும் இல்லை. நாடாளுமன்றத்தில் கொஞ்சம் பரவாயில்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் தலைவருக்கும் கொறடாவுக்கும் தரும் தொலைபேசி, உதவியாளர் வசதிகளைத் துணைத் தலைவருக்கும் தருகிற 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. நம் கோட்டையில் அவருக்கு இருப்பது பேரும் இடமும்தான். இடம் என்றால் தலைவருக்கு அடுத்த இருக்கை.

அந்த இருக்கையில் உட்கார்ந்து என்ன செய்வார்? தலைவர் வராத நாளில் கட்சிக்காக எழுந்து பேசுவார். தலைவர் பேசும்போது அமைச்சர்கள் வரிசையாகக் குறுக்கிட்டால் பதில் குறுக்கீடு இவருடையது. எந்த மானியக் கோரிக்கையில் யார் பேசுவது என்று பட்டியல் கொடுப்பது கொறடா வேலை என்றாலும், அவைக்குள் திடீரென்று சூடு கிளம்பும்போது 'இப்போது எழலாமா, வெளிநடப்பா, உட்கார்ந்தே கேட்கலாமா' என்று தலைவரின் காதில் சொல்கிற தூரத்தில் இருப்பவர் இவர் ஒருவர்தான். பதினாறாவது பேரவை முழுவதும் நேரலையில் வந்ததில்லை. கேள்வி நேரம் 2022 ஜனவரியிலிருந்து வந்தது, மற்றதில் பெரும்பாலும் வெட்டி ஒட்டிய காட்சிகள். அந்தத் துண்டுகளிலும் கவனித்தால் தெரியும். ஒரு அமைச்சர் புள்ளிவிவரம் சொல்லிக்கொண்டிருப்பார், எதிர் வரிசையில் ஒருவர் பக்கவாட்டில் சாய்வார், ஒரு துண்டுச்சீட்டு கைமாறும், அடுத்த நிமிடம் தலைவர் எழுவார். ஆகவே இந்தப் பதவியில் இருப்பவரைப் பொறுத்துத்தான் பதவியின் எடை.

எடை ஏறிய காலங்கள் உண்டு. 1962 தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றுப்போனார். ஆனால் திமுக 50 இடங்களோடு பிரதான எதிர்க்கட்சியாக உள்ளே வந்தது. நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவர், தஞ்சாவூரிலிருந்து வந்த கருணாநிதி துணைத் தலைவர். ஐந்து ஆண்டுகள் ஒருவர் முதல், ஒருவர் இரண்டு. 1969 பிப்ரவரியில் அண்ணா இறந்ததும் தற்காலிக முதல்வரானவர் நெடுஞ்செழியன். ஒரு வாரத்தில் முதல்வரானவர் கருணாநிதி. இதற்குக் காரணம் துணைத் தலைவர் பதவிதான் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. கட்சிக்குள் அவர் கட்டிய வலை அப்படி. ஆனால் இரண்டாவது நாற்காலியில் இருப்பவரை இரண்டாமவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அன்றே எல்லாக் கட்சித் தலைவர்களுக்கும் உறைத்திருக்கும்.

2011-ல் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர். துணைத் தலைவர் பண்ருட்டி ராமச்சந்திரன், எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்தவர். 2012 பிப்ரவரியில் ஜெயலலிதாவோடு நேருக்கு நேர் மோதி, பத்து நாள் இடைநீக்கம் ஆன பிறகு விஜயகாந்த் பேரவைப் பக்கம் அதிகம் வரவில்லை. அந்தக் காலத்தில் தேமுதிக என்கிற எதிர்க்கட்சி அவைக்குள் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக இருந்தவர் ராமச்சந்திரன். விதிகள் தெரிந்தவர், நிதானமாகப் பேசுபவர். 2013 டிசம்பரில் அவர் கட்சிப் பொறுப்பு, ஆலந்தூர் எம்.எல்.ஏ. பதவி எல்லாவற்றையும் விட்டுப் போனதும் அந்த வரிசை என்ன ஆனது என்று எல்லோரும் பார்த்தோம். 2016 பிப்ரவரியில் அதிருப்தி எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா செய்ய, தேமுதிகவின் எண்ணிக்கை அதற்குத் தேவையான 24-க்குக் கீழே போய், எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்தே கைநழுவியது.

அப்புறம் 2016-லிருந்து 2021 வரை ஸ்டாலின் தலைவர், துரைமுருகன் துணைத் தலைவர். என் கணக்கில் தமிழ்நாட்டில் இந்த ஜோடி வேலை செய்த அளவுக்கு வேறு ஜோடி வேலை செய்ததில்லை. 1971-லேயே எம்.எல்.ஏ. ஆனவர் துரைமுருகன். எந்த விவாதத்திலும் 'அன்றைக்கு இதே அவையில்' என்று ஆரம்பித்து ஒரு கதை சொல்லுவார். எதிர் வரிசையில் அமைச்சர்களே சிரித்துவிடுவார்கள். கோபத்தில் ஏறிய அவையை ஒரு நகைச்சுவையில் இறக்குவதும், தூங்கும் அவையை ஒரே வாக்கியத்தில் கிளப்பிவிடுவதும் அவருக்குக் கைவந்த கலை. தலைவரைவிடத் துணைத் தலைவர் மூத்தவராக இருந்தும் அங்கே போட்டி தெரியவில்லை. அது எப்படி என்றால், யார் தலைவர் என்பதில் அந்தக் கட்சிக்குள் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் பெரியப்பா ஞாபகத்துக்கு வருகிறார். எங்கள் ஊராட்சியில் ஒரு தவணை துணைத் தலைவராக இருந்தார். வார்டு உறுப்பினர்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்த பதவி. தலைவருக்கும் அவருக்கும் ஆகாது. ஆனாலும் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை, தலைவர் டிவிஎஸ் ஃபிப்டியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வருவார். கக்கத்தில் ரெக்சின் பை, பைக்குள் காசோலைப் புத்தகம். நம் ஊராட்சிகளில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். பெரியப்பா அவசரப்பட மாட்டார். "உட்காருங்க, காபி சாப்பிட்டுப் போகலாம்" என்பார். எந்தத் தெருவுக்குக் குழாய், யாருக்குப் பட்டுவாடா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். வேண்டுமென்றே மூக்குக்கண்ணாடியை உள்ளே வைத்துவிட்டு வந்து, தேடச் சொல்லி என்னை அனுப்புவார். தலைவர் திண்ணையில் நெளிந்துகொண்டிருப்பார். "அந்தக் கையெழுத்து இருக்கிற வரைக்கும்தான்டா நான் துணைத் தலைவர். அது இல்லேன்னா நான் வெறும் துணை" என்று ஒருநாள் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு குக்கிராமத்துத் துணைத் தலைவருக்குச் சட்டம் கொடுத்திருக்கிற பிடி, ஆறரைக் கோடிப் பேருக்கு மேல் வாழும் மாநிலத்தின் எதிர்க்கட்சித் துணைத் தலைவருக்குக் கிடையாது. அவர் கையெழுத்து எங்கேயும் தேவையில்லை. தலைவரின் நம்பிக்கை ஒன்றுதான் அவருடைய அதிகாரம். அந்த நம்பிக்கை போய்விட்ட பிறகும் ஒருவர் அதே இருக்கையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? 2022-ல் அதுதான் நடந்தது.

அதற்கு முன்னால் ஓ. பன்னீர்செல்வத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு அரசியலில் பக்கத்து நாற்காலிக்கென்று ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினால் அது இவருடையதாகத்தான் இருக்கும். மூன்று முறை முதல்வர்: 2001, 2014, 2016. முதல் இரண்டு முறையும் வழக்கில் பதவி இழந்த ஜெயலலிதாவுக்காக இடம் பிடித்து வைத்திருந்தார், திரும்பி வந்ததும் ஒப்படைத்தார். 2014 டிசம்பரில் பேரவை கூடியபோது முதல்வராக இருந்துகொண்டே முதல்வர் இருக்கையில் உட்காராமல் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். பக்கத்தில் ஜெயலலிதாவின் நாற்காலி காலியாகவே இருந்தது. இதைப் பணிவு என்றவர்களும் உண்டு, பேரவைக்கே இழுக்கு என்றவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. முதல்வர் என்பவர் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர், காவல்காரர் அல்ல.

எதிர்க்கட்சி வரிசையிலும் அதே கதைதான். 2006 மே மாதம் அதிமுக தோற்று 61 பேரோடு உள்ளே வந்தபோது, சில நாட்கள் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் பன்னீர்செல்வம். அந்த மாதக் கடைசியில் ஜெயலலிதாவே பொறுப்பை எடுத்துக்கொள்ள, இவர் துணைத் தலைவரானார். அப்போது ஒரு முணுமுணுப்பும் இல்லை. தலைவி வந்தார், துணை நகர்ந்தார்.

ஜெயலலிதா இறந்த பிறகுதான் அவர் நகர மறுத்தார். 2017 பிப்ரவரியில் மெரினா நினைவிடத்தில் தியானம், சசிகலாவுக்கு எதிராக 'தர்மயுத்தம்', 18-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் பழனிசாமிக்கு 122, எதிராகப் பன்னீர்செல்வம் அணியின் 11. ஆகஸ்டில் இணைப்பு. பன்னீர்செல்வம் துணை முதல்வரானார், அடுத்த ஜனவரியில் அவை முன்னவருமானார், அதாவது அவையில் அரசின் அலுவல்களை முன்நின்று நடத்துபவர். மறுபடியும் பக்கத்து நாற்காலி. இந்த முறை ஒப்பந்தம் போட்டுக் கிடைத்தது என்பதுதான் வித்தியாசம்.

2021-ல் ஆட்சி போனது. அதிமுகவுக்கு 66 இடம். எதிர்க்கட்சித் தலைவர் யார் என்பதில் மே 7-ஆம் தேதிக் கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது, 10-ஆம் தேதி பழனிசாமி தேர்வானார். துணைத் தலைவர் யார் என்று சொல்ல ஜூன் 14 வரை ஆனது. பன்னீர்செல்வம் துணைத் தலைவர், எஸ்.பி. வேலுமணி கொறடா. அந்த ஒரு மாத இடைவெளியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வேண்டா வெறுப்பாகக் கொடுக்கப்பட்டு, வேண்டா வெறுப்பாக வாங்கிக்கொள்ளப்பட்ட பதவி.

2022 ஜூலை 11, வானகரம் பொதுக்குழு. பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளர், பன்னீர்செல்வம் நீக்கம். 17-ஆம் தேதி சட்டமன்ற உறுப்பினர்கள் கூடி, திருமங்கலம் எம்.எல்.ஏ. ஆர்.பி. உதயகுமாரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கடிதம் சபாநாயகர் அப்பாவுவுக்குப் போனது. எதிர்க்கடிதம் பன்னீர்செல்வம் தரப்பிலிருந்தும் போனது.

அக்டோபர் 17-ஆம் தேதி பேரவை கூடியது. பன்னீர்செல்வம் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார். பழனிசாமி தரப்பு அன்றைக்கு வரவே இல்லை. அலுவல் ஆய்வுக் குழுவில் யார் உட்காருவது என்பதிலும் இதே இழுபறி. மறுநாள் வந்தார்கள். கேள்வி நேரத்திலேயே எழுந்து நின்று நியாயம் கேட்டார்கள், கோஷம் போட்டார்கள், அவைக் காவலர்களால் வெளியேற்றப்பட்டார்கள். 19-ஆம் தேதி வள்ளுவர் கோட்டத்தில் உண்ணாவிரதம், கைது, ராஜரத்தினம் மைதானம். ஜெயலலிதா மரணம் பற்றிய ஆறுமுகசாமி ஆணைய அறிக்கையும், தூத்துக்குடித் துப்பாக்கிச்சூடு பற்றிய அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கையும் அவையில் வைக்கப்பட்ட நாள் அந்த 18-ஆம் தேதி. இரண்டுமே அதிமுக ஆட்சிக் காலத்தைக் கேள்வி கேட்கிற அறிக்கைகள். பிரதான எதிர்க்கட்சி வெளியே. இது தற்செயலா, வசதியா என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். நாற்காலிக்காக அந்த நாளை விட்டுக்கொடுத்தது அதிமுகவுக்கும் வசதியாக இருந்திருக்கலாம்.

அப்பாவு சொன்ன பதில் இரண்டு பகுதி. ஒன்று, எதிர்க்கட்சித் துணைத் தலைவர் என்கிற பதவிக்குச் சட்ட அங்கீகாரமே இல்லை, எதிர்க்கட்சித் தலைவரை மட்டுமே பேரவை அங்கீகரிக்கிறது. இரண்டு, யாருக்கு எந்த இருக்கை என்பது சபாநாயகரின் தனி அதிகாரம். இரண்டும் சரி. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. பதவியே இல்லை என்றால் அந்த இருக்கையில் பன்னீர்செல்வம் எந்தத் தகுதியில் உட்கார்ந்திருக்கிறார்? முன்னாள் முதல்வர் என்ற மரியாதையில் என்றால் முன்வரிசையில் வேறெங்காவது கொடுத்திருக்கலாமே. பழனிசாமியின் தோளுக்குப் பக்கத்தில்தான் அந்த மரியாதையைக் காட்ட வேண்டுமா?

இப்படியே கூட்டத்தொடர்கள் போயின. ஒருவரை ஒருவர் நீதிமன்றத்தில் எதிர்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புகைப்படங்களைப் பத்திரிகைகள் விடாமல் போட்டன. ஒரு எதிர்க்கட்சியின் பேச்சை முடக்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஆளும் தரப்பு ஒன்றும் செய்ய வேண்டாம், இருக்கிறதை இருக்கிறபடி விட்டால் போதும்.

உச்சம் 2023 மார்ச் 23. ஆளுநர் திருப்பி அனுப்பிய ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை மறுபடி நிறைவேற்றுகிறார்கள். கட்சிக்கு ஒருவர் பேச வேண்டும். அதிமுக சார்பில் தளவாய் சுந்தரம் பேசி ஆதரித்து உட்கார்ந்தார். பிறகு சபாநாயகர் பன்னீர்செல்வத்தைப் பேச அழைத்தார். அவரும் எழுந்து, அதிமுக சார்பில் ஆதரிப்பதாகச் சொன்னார். பக்கத்து நாற்காலியிலிருந்து பழனிசாமி கொதித்து எழுந்தார். ஒரு கட்சிக்கு ஒருவர்தானே, எங்கள் சார்பில் பேச இவர் யார்? கூச்சல், குழப்பம். முன்னாள் முதல்வர் என்பதால் வாய்ப்புக் கொடுத்தேன் என்றார் சபாநாயகர். அதிமுக உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். எல்லாக் கட்சியும் ஒருமனதாக ஆதரித்த மசோதாவில், அந்த ஆதரவை யார் சொல்வது என்பதற்காக வெளிநடப்பு! மசோதாவுக்காக எழுதப்பட வேண்டிய தலைப்புச் செய்தியை இது தின்றுவிட்டது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? கட்சியிலிருந்து நீக்கப்பட்ட எம்.எல்.ஏ. அவைக்குள் யார் என்கிற கேள்விக்கு நாடு முழுவதும் மேற்கோள் காட்டுகிற தீர்ப்பு நம் கோட்டையிலிருந்து போனதுதான். 1991-ல் அதிமுகவில் ஜெயித்த ஜி. விஸ்வநாதனும் அழகு திருநாவுக்கரசும் 1994-ல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். எந்தக் கட்சியையும் சாராதவர்கள் என்று அவர்களைச் சபாநாயகர் அறிவித்தார். அவர்கள் மதிமுகவுக்குப் போனார்கள், பதவி பறிபோனது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீக்கினாலும் நீக்காவிட்டாலும், கட்சித்தாவல் தடைச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் தேர்தலில் நிறுத்திய கட்சியைச் சேர்ந்தவர்களே என்பது அதன் சாரம். கட்சி கைவிட்ட பிறகும் கட்சியின் கயிறு மட்டும் கழுத்தில் இருக்கும். அந்தக் கணக்கில் பன்னீர்செல்வம் அவையில் அதிமுக உறுப்பினர்தான். பன்னீர்செல்வம் தரப்பு வாதாடியதில் இந்த அளவுக்கு நியாயம் இருந்தது.

ஆனால் உறுப்பினராக இருப்பது வேறு, கட்சியின் பெயரில் பொறுப்பில் இருப்பது வேறு. 2023 மே 11-ஆம் தேதி, மகாராஷ்டிர சிவசேனா வழக்கில் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. கொறடாவையும் அவையில் கட்சியின் தலைவரையும் நியமிப்பது அரசியல் கட்சிதான், சட்டமன்றக் கட்சி தன்னிச்சையாகச் செய்ய முடியாது. துணைத் தலைவர் பற்றி அந்தத் தீர்ப்பு தனியாகப் பேசவில்லை. ஆனாலும் தலைவரையே கட்சிதான் சொல்ல வேண்டும் என்றால் துணையை மட்டும் சபாநாயகர் சொல்லலாம் என்று எப்படி வாதிடுவது?

என்னைக் கேட்டால் அப்பாவுவின் தயக்கத்தை இரண்டு காலமாகப் பிரித்துப் பார்ப்பேன். 2022 அக்டோபரில் அவர் காத்திருந்ததில் தவறில்லை. பொதுக்குழு செல்லுமா செல்லாதா என்று உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு, மேல்முறையீட்டில் நேர்மாறான தீர்ப்பு, உச்ச நீதிமன்றத்தில் நிலுவை. அந்த நேரத்தில் யார் பக்கம் கையெழுத்துப் போட்டாலும் வம்பு. ஆனால் 2023 பிப்ரவரி 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பொதுக்குழு செல்லும் என்றது. மார்ச்சில் பழனிசாமி பொதுச்செயலாளரானார். ஏப்ரலில் தேர்தல் ஆணையமும் ஏற்றுக்கொண்டது. மே மாதம் சிவசேனா தீர்ப்பு. அதற்குப் பிறகும் நாற்காலியை மாற்றாமல் வைத்திருந்ததை நிதானம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது அரசியல்.

அதிமுகவினர் இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரும். 2017-ல் கொறடா உத்தரவை மீறி வாக்களித்த அந்த 11 பேர்மீது திமுக கொடுத்த புகார், தனபால் சபாநாயகராக இருந்தபோது ஆண்டுக்கணக்கில் கிடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 பிப்ரவரியில் சபாநாயகரிடமே திரும்பி வந்தது. பேரவைக் காலமே முடிந்தது, முடிவு வரவில்லை. அதே தனபால், தினகரன் பக்கம் போன 18 பேரை 2017 செப்டம்பரில் ஒரே உத்தரவில் தகுதி நீக்கம் செய்தார். தனபாலின் தாமதத்தில் பதவியைக் காப்பாற்றிக்கொண்டவர் பன்னீர்செல்வம், ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டவர் பழனிசாமி. அப்பாவுவின் தாமதத்தில் முன்னவருக்கு லாபம் தொடர்ந்தது, பின்னவருக்கு நின்றுபோனது.

முடிந்த விதமும் விசித்திரம்தான். 2024 பிப்ரவரி 13-ஆம் தேதி பழனிசாமி மறுபடியும் பிரச்சினையை எழுப்பினார். இந்த முறை முதல்வர் ஸ்டாலின் எழுந்தார். எதிர்க்கட்சித் தலைவர் தொடர்ந்து கேட்கிறார், சபாநாயகர் மறுபரிசீலனை செய்யலாமே என்றார். மறுநாள் காலையில் உதயகுமார் முன்வரிசையில் பழனிசாமிக்குப் பக்கத்தில். பன்னீர்செல்வத்துக்கு இரண்டாம் வரிசை. ஒன்றரை ஆண்டாகக் கடிதத்துக்கு மேல் கடிதம் கொடுத்தும், சாலையில் உட்கார்ந்தும் அசையாத நாற்காலி ஒரே ராத்திரியில் நகர்ந்தது. தனி அதிகாரம் என்று சொல்லப்பட்டது யாருடைய ஜாடைக்குக் காத்திருந்தது என்று அன்றைக்கே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதிமுக பாஜகவைவிட்டு விலகி ஐந்து மாதம் ஆகியிருந்தது, பன்னீர்செல்வம் பாஜக பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார், மக்களவைத் தேர்தல் வாசலில் நின்றது. இதெல்லாம் சேர்ந்துதான் மனம் இளகியதா என்பதற்கு என்னிடம் சாட்சி கிடையாது.

அதற்கு இரண்டு நாள் முன்புதான், 12-ஆம் தேதி, டெல்லியில் உச்ச நீதிமன்றம் வேறொரு 'துணை'யைப் பற்றிப் பேசியிருந்தது. மாநிலங்களில் துணை முதல்வர்களை நியமிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஒருவர் போட்ட பொதுநல வழக்கைத் தள்ளுபடி செய்தது. துணை முதல்வரும் ஒரு அமைச்சர்தான், பெயரால் அவருக்குக் கூடுதலாக எதுவும் வந்துவிடவில்லை என்பது காரணம். 1989-ல் தேவிலால் துணைப் பிரதமர் என்று சொல்லிப் பதவியேற்றபோது எழுந்த வழக்கிலும் கிட்டத்தட்ட இதே பதில்தான் வந்தது.

உதயகுமார் அந்த இருக்கைக்கு வந்த பிறகு பெரிய மாற்றம் எதுவும் தெரிந்ததா என்றால், பேச்சில் இல்லை. கப்பலூர் சுங்கச்சாவடிக்காக ஏற்கனவே குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர்தான் அவர். ஆனால் அவைக்குள் அதிமுக என்றால் ஒரே குரல் என்று ஆனது. நாற்காலியைப் பற்றிக் கேட்க வேண்டிய அவசியம் போனதால் மற்றதைக் கேட்க நேரம் கிடைத்தது.

ஆளும் வரிசையிலும் அதே ஆண்டு ஒரு நகர்வு நடந்தது. 2024 செப்டம்பரில் உதயநிதி துணை முதல்வரானார். டிசம்பரில் பேரவை கூடியபோது முதல் இருக்கையில் ஸ்டாலின், இரண்டாவதில் அவை முன்னவர் துரைமுருகன், மூன்றாவதில் உதயநிதி. துணை முதல்வரைவிட முன்னாள் எதிர்க்கட்சித் துணைத் தலைவர் ஒரு நாற்காலி முன்னே. சபாநாயகரின் அதே அதிகாரத்தின் கீழ் போடப்பட்ட வரிசைதான். அதற்கு யாரும் எதிர்க்கடிதம் கொடுக்கவில்லை.